வாகானா வீட்டுக்கு வரும் வழி

சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன பெரிய இருட்டு வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். குரோதானி என்கிற மலைக் கிராமத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு மலைகளுக்கு நடுவே கத்தியால் கீறியது மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. நவம்பர் பிறந்துவிட்டால் நாலரைக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். ஆற்றை ஒட்டி ஒரே ஒரு ரோடு... ஒரு பக்கம் தேவதாரு மரங்கள், இன்னொரு பக்கம் தண்ணீர். ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் அடுத்த மூன்று வீடு பூட்டிக் கிடக்கும். அந்த ரோட்டில்தான் லீட்டா தன் சின்னக் காரில் தனியாகப் போய் வந்தாள்.

லீட்டா நம் ரொமேலின் அக்கா. போன குளிர்காலத்தில், அடியில் ஹீட்டர் வைத்து மெத்தை போர்த்திய இதே மேசைக்குள் காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் ரொமேல் எனக்கு இதைச் சொன்னான். ஒரே ஒரு தடவை. மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுகிறான். அதனால் நான் சொல்கிறேன். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

லீட்டா பிலிப்பைன்ஸிலிருந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவள். மூன்று ஊர்ப் பள்ளிக்கூடங்கள் அவளுக்கு. செவ்வாயும் வெள்ளியும் குரோதானி. அங்கே மொத்தப் பிள்ளைகளும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். காலையில் பாட்டு, பிறகு பாடம். மத்தியானம் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகளே சூப்பு ஊற்றுவார்கள். சாப்பிட்டதும் ஈரத் துணியைத் தரையில் வைத்து, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு வராந்தாவைத் துடைத்தபடியே ஓட்டப்பந்தயம். லீட்டாவும் ஓடுவாள். எப்போதும் தோற்பாள். தோற்கடிப்பவள் இரண்டாம் வகுப்பு வாகானா. முன்பல் இரண்டும் விழுந்த வாகானா.

"டீச்சர், உங்க ஊர்ல பனி பெய்யாதாமே. அப்ப எதுல விளையாடுவீங்க?"

"சேத்துல."

"சேத்துலயா?" தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். "பாவம் டீச்சர் உங்கம்மா. துணி தோய்க்கணும்."

இன்னொரு நாள் லீட்டாவின் செல்போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். லீட்டாவின் மகள், ஆறு வயசு, ஊரில் சித்தியிடம் வளர்கிறவள்.

"இவ யார்கூட தூங்குவா?"

"என் தங்கச்சி கூட."

"உங்ககூட யார் தூங்குவாங்க?"

"யாரும் இல்ல."

"நான் வேணா வரட்டா?" என்றாள் வாகானா. "ஆனா நான் உதைப்பேன். அம்மாவே சொல்லிருக்காங்க."

அந்த ஊரில் கம்பங்களின் உச்சியில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். கரடி இறங்கினால், வெள்ளம் வந்தால், யாராவது இறந்தால் அதில்தான் அறிவிப்பு. தினமும் ஐந்து மணிக்கு ஒரு பழைய பாட்டின் மெட்டு ஓடும். முடிந்ததும் ஒரு பிள்ளையின் குரல். வருஷத்துக்கு ஒரு பிள்ளையைப் பேசவைத்துப் பதிவு செய்வார்கள். அந்த வருஷம் வாகானா. ஊராட்சி அலுவலகத்தில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிற செகாவாதான் பதிவு செய்தார். கடைசியில் ஒரு வரி இங்கிலீஷும் இருக்கட்டும் என்று சொன்னவள் லீட்டா. பல் இல்லாத வாயில் 'ஸீ யூ டுமாரோ' காற்றாகப் போகும். அதைத் திருத்தத் திருத்த இருவருக்கும் சிரிப்பு.

"மணி அஞ்சாச்சு. விளையாடிட்டு இருக்கிறவங்க எல்லாம் வீட்டுக்குப் போங்க. இருட்டறதுக்குள்ள போயிடுங்க. பெரியவங்களே, எங்களைப் பத்திரமா பாத்துக்கங்க... ஸீ யூ டுமாரோ."

பிறகு டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அது மலையில் பட்டு, இரண்டாவது தடவை மெலிதாகக் கேட்கும்.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் சேர்ந்துதான் நடந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக அவரவர் வீட்டில் பிரிந்து போனது. கடைசி வீடு வாகானாவுடையது. பாலத்திலிருந்து அவள் தனியாகத்தான் நடக்கவேண்டும். பாலம் வரை வந்தாள், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம்... பாலத்துக்குக் கீழே புதரில் அவள் குடை சிக்கியிருந்தது. விரித்தபடியே.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் மூங்கிலை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று குத்திக் குத்திப் பார்த்தார்கள். லீட்டா கரையில் நின்று டீ ஊற்றிக் கொடுத்தாள். அப்போது மணி ஐந்தானது.

யாருக்கும் நினைவே இல்லை. அது தானாக ஓடுகிற கருவி. மெட்டு முடிந்தது. "விளையாடிட்டு இருக்கிறவங்க எல்லாம் வீட்டுக்குப் போங்க..." தண்ணீரில் நின்ற அத்தனை மூங்கிலும் அப்படியே நின்றன. ஒரு பெரியவர் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

செகாவா அலுவலகத்தைப் பார்த்து ஓடினார், நிறுத்துவதற்கு. வாகானாவின் அம்மா சயோரி பின்னாலேயே ஓடி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க, செகாவா சார்."

"வாகானாம்மா, அதை எப்படிம்மா..."

"அவ எங்கயோ வழி மாறிப் போயிருந்தா, அது காதுல விழும். விழுந்தா வந்துருவா. சொன்ன பேச்சைக் கேக்குற பொண்ணு சார் அவ."

பனி விழுந்தது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். குரலை நிறுத்தவில்லை.

குளிர்காலம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. மளிகைக் கடைக்கார அம்மா ஐந்து மணி ஆனால் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். சில வீடுகளில் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்துவார்கள். வாய்விட்டு யாரும் குறை சொல்லவில்லை. சயோரியின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அந்தக் குரலை அவரால் கேட்க முடியவில்லை.

லீட்டா அந்த வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காரை நிறுத்தினாள். வாசலை ஒட்டிச் செருப்புக் கழற்றுகிற இடத்தில், கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு சயோரி உட்கார்ந்திருந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. லீட்டா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரல் வந்தது, போனது. சயோரி கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாள். பிறகு எழுந்து கதவை மூடினாள்.

"இன்னிக்கு இல்ல போல," என்றாள்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் லீட்டா அங்கே நின்றுவிட்டுத்தான் போவாள். ஒருநாள் சயோரி கேட்டாள், "உங்க பொண்ணு பேசறாளா, லீட்டா டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை பேசுவா. போன வாரம் என்னை அடையாளம் தெரியல. முடி வெட்டிருந்தேன்."

சயோரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

மார்ச் கடைசியில் செகாவா வந்தார். ஏப்ரலில் புது வகுப்பு தொடங்குகிறது, புதுப் பிள்ளையின் குரல் வரவேண்டும். வாசலிலேயே நின்று குனிந்து வணங்கினார், நிமிரவே இல்லை. சயோரியும் குனிந்தாள். "இத்தனை நாள் விட்டு வச்சதே பெரிசு, சார்," என்றாள்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மழை மூட்டம். பனி உருகி, கூரையிலிருந்து சொட்டு, ஓடையில் இரைச்சல்... எங்கு பார்த்தாலும் தண்ணீர்ச் சத்தம்தான். லீட்டா போனபோது சயோரி குளியலறைத் தொட்டியில் வெந்நீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்பி, பலகையால் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மெட்டு வந்தது. குரல் வந்தது. "பெரியவங்களே, எங்களைப் பத்திரமா பாத்துக்கங்க... ஸீ யூ டுமாரோ."

டப் என்ற சத்தம் வரவில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒலிபெருக்கி உயிரோடு இருந்தது... ஸ்ஸ்ஸ் என்று. அதற்குள்ளே எங்கோ தண்ணீர் ஓடுகிற மாதிரி. பிறகு, வாயைக் கம்பத்தில் வைத்துப் பேசுகிற மாதிரி, மெதுவாக...

"அம்மா... எந்தப் பக்கம்?"

டப்.

மலை அதைத் திருப்பிச் சொல்லவில்லை. முதல் குரலெல்லாம் மலையில் பட்டு வந்தது. இது மட்டும் வரவில்லை.

சயோரி அழவில்லை. எழுந்து கார் சாவியை எடுத்தாள். "நீங்க இங்கயே இருங்க டீச்சர். கதவை மட்டும் மூடாதீங்க."

லீட்டா தனியாக உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் என்ன நடந்தது என்று செகாவா பிற்பாடு சொன்னார். சயோரி உள்ளே வந்து, "மைக்கைக் கொடுங்க," என்றாளாம். அவரும் அந்தக் குரலைக் கேட்டிருந்தார். கருவியின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் முடியாது என்றார், மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார். அவள் எதிர்த்துப் பேசவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். நன்றாக இருட்டிய பிறகு அவர் எழுந்து வயரைத் திரும்பச் சொருகினார்.

ஊர் முழுக்கக் கம்பங்கள் கரகரத்தன.

"வாகானா. அம்மா பேசறேன்."

லீட்டா எழுந்து நின்றுவிட்டாள்.

"பயப்படாத. பாலத்துக்கு அடியில இருந்து மேல ஏறி வா. கைப்பிடியைப் புடிச்சுக்க, வழுக்கும். ஏறினதும் வலது கைப்பக்கம் ஓனோதேரா ஐயா வீடு."

சயோரியின் வீடு மேட்டில் இருந்ததால் லீட்டாவுக்கு மொத்தப் பள்ளத்தாக்கும் தெரிந்தது. கீழே, பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு வாசல் விளக்கு எரிந்தது.

"அதைத் தாண்டி வா. அப்புறம் மளிகைக் கடை."

கடை விளக்கு எரிந்தது.

"அப்புறம் நெல்லு அரைக்கிற இடம்... அங்க குட்டை இருக்கும், ஓரமா வா... அப்புறம் ஹயாமி வீடு..."

ஒவ்வொன்றாக எரிந்தன. அம்மா பேர் சொல்லச் சொல்ல, அந்தந்த வீட்டில் யாரோ எழுந்துபோய் விளக்கைப் போட்டார்கள். ஒருவர்கூட வெளியே வரவில்லை. ஒருவர்கூடப் போடாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் கொஞ்சம் பின்னால், அந்த வீட்டு நாய் ஒரு குரல் குரைத்து... பாதியில் அடங்கியது. பாலத்து நாய். கடை நாய். ஹயாமி வீட்டு நாய். கிட்டே, இன்னும் கிட்டே.

"இப்ப மேடு. நம்ம வீடு தெரியுதா? கதவு தெறந்திருக்கு. லீட்டா டீச்சர் இருக்காங்க. தொட்டியில வெந்நீர் போட்டு வச்சிருக்கேன். நீ முதல்ல குளி, கை கால் எல்லாம் விறைச்சிருக்கும். அம்மா இதோ வந்துடறேன். இதோ வந்துடறேன், கண்ணு."

கம்பங்கள் அடங்கின.

லீட்டா ரோட்டைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வாசனை வந்தது... ஆற்றடிச் சேறு, ஊறிப்போன இலை. பிறகு வாசல் சரளைக் கல்லில் சத்தம். தண்ணீர் நிறைந்த கான்வாஸ் ஷூ. சளக்... சளக்... சளக். வாசற்படியில் அது நின்றது. ஒரு ஷூவைக் கழற்றுகிற சத்தம். இன்னொன்று. நன்றாக வளர்த்த பிள்ளை, ஷூவோடு உள்ளே வராது.

அந்த ஊரில் வீட்டுக்குள் நுழைகிற பிள்ளையிடம் "வந்துட்டியா, வா" என்று சொல்வார்கள். அது லீட்டாவின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பயத்தால் இல்லை என்று ரொமேலிடம் சத்தியம் செய்திருக்கிறாள். அதைச் சொல்லவேண்டியவள் இன்னும் ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள். குளிர்காலம் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயிலிருந்து அதை எப்படிப் பிடுங்குவது?

ஒரு குளிர் லீட்டாவின் முழங்கையை உரசிக்கொண்டு உள்ளே போனது. குளியலறைக் கதவு நகர்ந்தது. தொட்டிப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்துகிற சத்தம். தண்ணீர் தளும்பி வழிகிற சத்தம். அப்புறம் எதுவும் இல்லை.

சயோரி காரை நிறுத்தாமலே இறங்கிய மாதிரி ஓடிவந்தாள். கார் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"வந்தாளா?"

லீட்டா கையைக் காட்டினாள். மரத்தரையில், வாசலிலிருந்து குளியலறை வரை, ஒரு ஈரக்கோடு.

சயோரி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "வந்துட்டியா... வா... வா..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடியது. யாரோ தொட்டிக்குள் இறங்கினார்கள், துணியோடு. லீட்டா கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். வெந்நீர் நிறைந்த அறை. கண்ணாடி பனிக்கட்டியாக இருந்தது.

"டீச்சர், உள்ள வராதீங்க," என்றாள் சயோரி, சாதாரணமான குரலில். "நல்லா சூடாத்தான் இருக்கு."

அங்கெல்லாம் குழந்தைகள் தொட்டியில் உட்கார்ந்து நூறு வரை எண்ணவேண்டும். எண்ணி முடித்தால்தான் அம்மா எழுந்திருக்க விடுவாள். உடம்பு நன்றாகச் சூடாகவேண்டும், அதற்காக.

சயோரி எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு... ரெண்டு... மூணு... அவசரமே இல்லாமல், ராத்திரி முழுக்க நேரம் இருக்கிற மாதிரி. லீட்டா கதவோடு ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபது. முப்பது. நாற்பதைத் தாண்டி எங்கோ சயோரியின் குரல் உடைந்தது. அதற்கப்புறம் அழுகைதான், வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. அவளால் ஒரு எண்கூடச் சொல்ல முடியவில்லை.

உள்ளே எண்ணுவது நிற்கவில்லை.