வாசித்துச் சொன்னது

— பெரியப்பா அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்றாரு, நீ பாட்டுக்குப் பாயசம் ஊத்திட்டு இருக்கே. திருப்பி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அம்மா?

— கெடக்கட்டும் விடு தன்யா. பந்தியில உக்காந்த மனுசன்கிட்ட என்னத்தச் சொல்ல. அந்த எலைய மடிச்சு எடு, ஈ மொய்க்குது.

— வருஷா வருஷம் இதேதான். அப்பா திவசத்துக்கு வருவாரு, ரெண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரு, கை கழுவும்போது சொல்வாரு: "செல்வலட்சுமி வாட்ஸ்அப்ப நம்பி, சுக்குத்தண்ணியக் குடுத்தே என் தம்பி இசக்கிதுரையக் கொன்னுட்டா." நாலு வருஷமாச்சு. எனக்குக் கேட்டுக் கேட்டு நெஞ்சு எரியுது.

— சொல்லிட்டுப் போறாவ. கூடப்பொறந்தவுக. அவுகளுக்கும் யாரையாவது சொல்லணும்லா.

— பின்னே அது சத்தியமா இருக்கணும் அல்லே?

— ஏன், சுக்குத்தண்ணி வச்சது நான்தான? ஒம்பது நாளும் நான்தான் வச்சேன்.

— எனக்கு அந்த வாய்ஸ் மெசேஜ் இப்பவும் மனப்பாடம். "அண்ணே, தம்பி, தாய்மாரே, தென்காசியில இருந்து பேசுதேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிராதீய. போனவன் பைக்குள்ள பொட்டணமாத்தான் வாரான், மொகத்தக்கூடக் காட்ட மாட்டுக்காவ. சுக்கு, மொளகு, கருப்பட்டி மூணையும் கொதிக்க வச்சுக் குடிங்க." அந்த ஆளு யாருன்னே தெரியாது. நீயும் அப்பாவும் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேப்பீங்க.

— யாருன்னு தெரியலதான். ஆனா நம்ம பேச்சுலா அது. நீ மட்டாஞ்சேரியில பொறந்து மலையாளத்துல படிச்சவ, உனக்கு வெளங்காது. தெருவுல ஜீப்பு வரும், மைக்குல மலையாளத்துல என்னமோ சொல்லிட்டுப் போவும். டிவியில பெரிய டாக்டர்மாரு பேசுவாவ. பாதி புரியும், அதுவும் அதட்டுத மாதிரியே இருக்கும். இந்த மனுசன் "பயப்படாத தாயி"ன்னான். அந்த வருசம் எங்கிட்ட பயப்படாதன்னு சொன்னது அவன் ஒருத்தன்தான்.

— அதுக்காக நம்பிடறதா?

— பொறவு அதுல சுக்கு வருதுலா. பஜார் ரோட்டு கொடோன்ல இருவது வருசமா சுக்கு பொடைக்கேன். உங்கப்பா அதே மூட்டையத்தான் சொமந்தாவ. மூக்கு, தொண்டை, தலமுடி பூரா சுக்குத்தூசி. எங்க கூட்டத்துல ஒருத்திக்கும் சளி பிடிக்காது. நமக்கெல்லாம் கொரோனா அண்டாதுட்டின்னு பொடைக்கும்போதே பேசிச் சிரிப்போம். அவன் புதுசா ஒண்ணும் சொல்லல. நாங்க ஏற்கெனவே நெனச்சுக்கிட்டு இருந்ததச் சொன்னான். அப்படிப்பட்டவன யாரு சந்தேகப்படுவா?

— அம்மு சேச்சி பக்கத்து வீட்டில இருந்திருந்தா சண்டை போட்டாவது அப்பாவைக் கொண்டு போயிருப்பாங்க.

— அவ இருந்தாத்தான. மக பேறுகாலத்துக்கு ஆலப்புழை போனவ, லாக்டவுன்ல பஸ்சு இல்லாம அங்கயே மாட்டிக்கிட்டா. உங்கப்பாவுக்குப் பதினாறு முடிஞ்ச பொறவுதான் வந்து வீட்டத் தொறந்தா. பாவம், இன்னிக்கு உனக்குன்னு நேந்திரங்கா உப்பேரி வறுத்துக் குடுத்திருக்கா. பைக்குள்ள மேலாப்புல வையி, அடியில வச்சா நொறுங்கிரும். கோயம்புத்தூருக்கு ரயிலு எத்தன மணிக்கு?

— நாளைக்குக் காலையில ஆறேகாலுக்கு. அம்மா, போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு வருஷமா சொல்ல நினைச்சு நினைச்சு விட்டுட்டேன். நான் நர்சிங் படிக்கப் போறதே அதுக்காகத்தான்.

— சொல்லு. உக்காந்து சொல்லு.

— அப்பாவுக்கு ஸ்கூல் கிரவுண்டில வச்சு டெஸ்ட் எடுத்தாங்க அல்லே. சுகாதார வேலை பாக்கிற ஆஷா சேச்சி ரிசல்ட்டை மலையாளத்தில மெசேஜ் அனுப்பினாங்க, அப்பா போனுக்கு.

— ஆமா. நீதான் வாசிச்சே. கொரோனா இல்ல, சாதாரணச் சளின்னு போட்டிருக்குன்னு சொன்னே.

— அதில்லம்மா அதில இருந்தது.

— என்ன சொல்லுத?

— பாசிட்டிவ்னு இருந்துச்சு. மூச்சு முட்டினா உடனே கூப்பிடுங்க, வண்டி வரும்னு நம்பர் போட்டிருந்துச்சு. நீ கொடோனுக்குப் போயிருந்தே. நான் முதல்ல அப்பாவுக்குத்தான் வாசிச்சேன். அப்பா அடுக்களையில போயி ஒரு துண்டு சுக்கை எடுத்து மூக்குகிட்ட வச்சாரு. உரசி வச்சாரு, கடிச்சு வச்சாரு. "ஒரு மணமும் இல்லியே மக்கா"ன்னாரு. மூட்டையைத் தோளில ஏத்தும்போதே பழைய சுக்கா, புதுச் சுக்கான்னு சொல்ற மனுஷன்.

— எங்கிட்ட சொல்லவே இல்லியே அவுக.

— சொல்லலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "உங்கம்மாட்ட இல்லைன்னு வாசிச்சிரு மக்கா. தெரிஞ்சா, வாய்ஸ் கேட்டதெல்லாம் மறந்துட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா. போனா பைக்குள்ளதான் வருவேன். உங்க ரெண்டு பேர் மொகத்தப் பாத்துக்கிட்டு இங்கயே கெடக்கேன்"னு சொல்லி அழுதாரு. அப்பா அழுது நான் பாத்ததே இல்லை. எனக்குப் பதினாலு வயசும்மா. நீ வந்ததும் உன் முகத்தைப் பாத்து இல்லைன்னே வாசிச்சுட்டேன்.

— தன்யா.

— நீ "முருகா"ன்னு சொல்லிட்டுச் சாமி படத்துக்கு விளக்கு ஏத்தினே. சிரிச்சே. அந்தச் சிரிப்புதான் என்னை இன்னும் தூங்க விடலை. ஒம்பதாம் நாள் காலையில மூச்சு முட்டி, வண்டி வரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அப்பா எதுக்குப் பயந்தாரோ அப்படியே பையில சுத்தித்தான் எடுத்துட்டுப் போனாங்க. நீ நம்பினது அந்தத் தென்காசி ஆளை இல்லம்மா. உனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது, அதனால என்னை நம்பினே. பெரியப்பா திட்ட வேண்டியது என்னையாக்கும்.

— இந்தா, தண்ணியக் குடி.

— வேண்டாம்.

— குடி மொதல்ல. மூக்கத் தொடை. இப்பம் நான் சொல்லுதேன், கேளு. நீ சொன்னது எனக்கு முன்னாலயே தெரியும்.

— என்ன தெரியும்?

— உங்கப்பாவுக்கு வந்துட்டுன்னு தெரியும். நீ வாசிக்கும்போது உன் கொரலு சரியில்ல. பெத்தவளுக்குத் தெரியாதா? உங்கப்பா கண்ணசந்த நேரம் பாத்து போன எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அம்முட்ட நீட்டுனேன். வாசிச்சுச் சொல்லிட்டா.

— அம்மு சேச்சியா?

— ஆமா. "பாசிட்டிவாக்கும் செல்வி, ஆசுபத்திரிக்குக் கொண்டு போ"ன்னு தலபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல. அந்தக் கொரல நம்புனேன். நெசம் தெரிஞ்சேதான் அடுப்புல சுக்குத்தண்ணி வச்சேன். உங்க பெரியப்பா சொல்லுதது சரிதான், அதான் நான் வாயத் தொறக்கதில்ல. நீ மாத்தி வாசிச்சதால ஒண்ணும் நடக்கல. வெளங்குதா?

— அம்மா, அம்மு சேச்சி அந்த மாசம் ஆலப்புழையில இருந்தாங்கன்னு இப்பதானே நீ சொன்னே.

— எலையெல்லாம் அப்படியே கெடக்கு பாரு.

— அம்மா, என்னைப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாளைக்கு ரயிலேறப் போற. ஊசி போடணும், ரத்தம் எடுக்கணும், எத்தன பேரு கையப் பிடிக்கணும். இந்தக் கை இப்படி நடுங்கப்படாது. எனக்கு ஏச்சு கேட்டுப் பழகிப் போச்சு, அது எங்கிட்டயே கெடக்கட்டும். நான் சொல்லுதேன்லா, நம்பு மக்கா.

— நம்பறேன்மா. அம்மு சேச்சிதான் வாசிச்சாங்க.