கீதன் வீட்டு பேஸ்மென்ற்

— அடுத்த கேள்வி, அப்பா. கடைசி அஞ்சு வருசத்தில கனடாவை விட்டு வெளியில போன ஒவ்வொரு தரமும் எழுதவேணுமாம். போன திகதி, வந்த திகதி, போன இடம், ஏன் போனது.

— ஒரு இடமும் போகேல்லை எண்டு போடு, சாம்பவி.

— நியூ ஜேர்சிக்குப் போனனாங்கள்தானே? அந்தக் கலியாணத்துக்கு.

— சரி, அதைப் போடு. ஒரு பயணம். பேந்து அடுத்த பெட்டிக்குப் போ. இது முடியமுந்தி எனக்குத் திரும்பப் பசிச்சிடும்.

— உங்களுக்கு முட்டை பொரிச்சு வைச்சிருக்கு. நானும் பிள்ளையும் நண்டு. அடுப்பில நிண்டுகொண்டு கேக்கிறன், உந்த போமை போன மாசமே அனுப்பியிருக்கலாமோ இல்லையோ?

— அது வந்து கமலம், போன மாசம் படம் எடுக்கப் போனனான். திருநீறு பூசிக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டிட்டன். சிரிக்கக் கூடாதெண்டு திருப்பி எடுக்கச் சொன்னவங்கள்.

— முப்பது வருசம் வீட்டில சிரிக்காத மனிசன், அரசாங்கத்துக்குப் போய்ச் சிரிச்சிருக்கிறார். நான் எப்பவோ சிற்றிசன்சிப் எடுத்திட்டன். இவர் இன்னும் நிரந்தர வதிவிடம் எண்டு பி.ஆர். கார்டைத் தூக்கிக்கொண்டு திரியிறார்.

— ராணிக்குச் சத்தியம் பண்ண எனக்கு மனம் வரேல்லை. அவ போகட்டும் பாப்பம் எண்டு இருந்தனான். பாத்தால் ராசா வந்திட்டார்.

— ஓமோம். சோதினைக்குப் படிக்கப் பஞ்சி எண்டு சொல்லுங்கோ. அந்தப் புத்தகம் கட்டில் காலுக்குக் கீழ முட்டுக் குடுத்துக் கிடக்கு.

— ஸ்டாப், ரெண்டு பேரும். எனக்கு ஆவணி இருபத்திரண்டு லண்டனில கலியாணம். லைக், என்ர கலியாணம். அப்பாவின்ர கார்ட் போன கிழமை எக்ஸ்பயர். புதுசு வராமல் போனால் திரும்பி வரேக்க பிளேனில ஏத்தமாட்டாங்கள். இண்டைக்கு இது போகவேணும். அப்பா, நியூ ஜேர்சியை விட வேற இல்லை. ஷுவர்?

— ஷுவர்.

— ஏனெண்டால் இப்ப ரெண்டு நாடும் பகிருதாம். நீங்கள் அமெரிக்காவுக்குள்ள போனால் அது கனடாவுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில திகதியோட கிடக்கும். நாங்கள் எழுதுறதும் அதுவும் பொருந்தாட்டில் பைலைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிடுவாங்கள். ஆறு மாசம், ஒரு வருசம். சரி, நான் நெக்ஸ்ட் அமத்துறன்.

— அமத்தாதை.

— என்ன?

— கொஞ்சம் பொறு. ஒரு நாள் போய் ஒரு நாள் வாறது பயணமோ? காலமை போய்ப் பின்னேரம் வாறது. அது பயணமில்லை. அது... கடைக்குப் போறமாதிரி.

— எந்தக் கடைக்கு, அப்பா?

— ஒரு கதைக்குச் சொல்லுறன்.

— இஞ்சேருங்கோ. என்ன கதைக்கு?

— கமலம், நீர் நண்டைப் பாரும். அடிப்பிடிக்கப்போகுது.

— நண்டு தன்ர பாட்டுக்குக் கொதிக்கும். நான் அடுப்பைக் குறைச்சிட்டன். சொல்லுங்கோ.

— அப்பா, எத்தினை தரம்?

— ரெண்டு மூண்டு.

— ரெண்டா, மூண்டா?

— பதினொண்டு.

— பதினொண்டா? அப்பா, சீரியஸ்லி? எங்க?

— பஃபலோ.

— பஃபலோவில என்ன இருக்கு? கசினோவா?

— சீச்சீ. நான் லொத்தர் ரிக்கற்றே சுரண்டுறேல்லை.

— அப்ப ஆரவள்?

— கமலம், என்ன கதை கதைக்கிறீர், பிள்ளைக்கு முன்னால.

— பிள்ளைக்கு ரெண்டு மாசத்தில கலியாணம். அவளுக்கும் தெரியட்டும். ஆரவள், என்ன வயசு, சமைக்கத் தெரியுமோ?

— அறுபத்திநாலு வயசில, முழங்காலில நீர் கட்டிக்கொண்டு, நயாகராப் பாலத்தில ரெண்டு மணித்தியாலம் லைனில நிண்டு, நான் போய் ஒருத்தியைப் பிடிக்கிறனாமோ? அவ்வளவு சுறுசுறுப்பு இருந்தால் நான் சிற்றிசன்சிப் சோதினையே எழுதியிருப்பன்.

— அது உண்மைதான். சரி, இந்தப் பதினொரு நாளும் எனக்கு எங்க போறன் எண்டு சொன்னனீங்கள்?

— அது வந்து...

— விட்பிக்கு. உங்கட கூட்டாளி கீதன்ர பேஸ்மென்ற் வேலைக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை, சுத்தியலையும் தூக்கிக்கொண்டு. அஞ்சு வருசமாய் ஒரு பேஸ்மென்ற் முடியேல்லை. நானும் யோசிச்சனான், கீதன் கீழ என்ன, கோயிலோ கட்டுறான் எண்டு.

— அவன் அதை முதல் வருசமே முடிச்சு வாடகைக்கு விட்டிட்டான்.

— ஓ மை கோட். அப்பா, விட்பி கிழக்க. பஃபலோ மற்றப் பக்கம். லைக், டோட்டலி மற்றப் பக்கம்.

— தெரியும் பிள்ளை. நான்தானே ஓடினனான். அந்தச் சுத்தியலை எல்லையில ஒருத்தன் எடுத்துப் பாத்து, எதுக்கு எண்டு கேட்டவன். மனிசிக்குக் காட்டவெண்டு சொன்னனான். அவன் கையைக் காட்டிப் போகவிட்டிட்டான். கலியாணம் கட்டினவனாக்கும்.

— ஓகே. எனக்கு ஒரு பெட்டி நிரப்பவேணும். பயணத்தின் நோக்கம். பதினொரு தரம் எழுதவேணும். சொல்லுங்கோ.

— சும்மா எண்டு போடு.

— சும்மா எண்டு போட ஏலாது.

— சொந்தக்காரரைப் பாக்க எண்டு போடு.

— பஃபலோவில எங்களுக்கு ஆர் சொந்தம்?

— நீ கேக்காதை, சாம்பவி. உன்ர அம்மாவைப் பார். முகம் எப்பிடி இருக்கு?

— நோர்மலாத்தான் இருக்கு. கரண்டி வைச்சிருக்கிறா.

— அப்ப நீயே அந்தக் கதிரையை எனக்கும் அவவுக்கும் நடுவில இழுத்துப் போடு. கமலம், நான் வாகீசனைப் பாக்கப் போனனான்.

— வாகீசன் ஆர்?

— உன்ர மாமா. அம்மாவின்ர தம்பி.

— எனக்கு மாமா இருக்கிறாரா? வெயிற். அம்மா, உங்களுக்குத் தம்பி இருக்கிறாரா?

— இருந்தவன்.

— செத்துப்போனாரா?

— இல்லை. கலியாணம் கட்டினவன்.

— எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

— நான் சொல்லுறன் பிள்ளை, அம்மா சொன்னால் விடிஞ்சிடும். நீ சின்னன் அப்ப. அவன் அமெரிக்காவுக்கு வந்து, பஃபலோவில நிண்டு, எல்லையால இஞ்ச வாறதுக்குக் காத்துக்கொண்டு இருந்தவன். அக்கா இஞ்ச இருக்கிறபடியால் விடுவாங்கள். அதுக்கிடையில அம்மா இஞ்ச ஒரு பொம்பிளையைப் பேசி, ஹோல் எடுத்து, கலியாணக் கார்டும் அடிச்சு முடிச்சிட்டா. அவன் அங்க அகதிகள் தங்கிற இடத்துக் குசினியில வேலை செய்த மரியம்மாவைக் கண்டு, போய்க் கலியாணத்தைப் பதிஞ்சுபோட்டான். அந்தப் பிள்ளை வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள். இவனை விட நாலு வயசு கூட. அதோட அங்கயே நிண்டிட்டான்.

— அவ்வளவுதானா? லைக், லவ் மரேஜ்?

— அவ்வளவுதானோ? இஞ்ச வோபர்னில வீடு வீடாய்ப் போய்க் குடுத்த கார்டை, நான் வீடு வீடாய்ப் போய்த் திருப்பி வாங்கினனான். எழுபத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலயும் ரீ. ஒவ்வொரு ரீக்கும் ஒரு விளக்கம். பொம்பிளை வீட்டுக்காரர் கோயிலில என்னைக் கண்டால் பிள்ளையாரைச் சுத்தாமல் மற்றப் பக்கத்தால போவினம். அண்டைக்குச் சொன்னனான், என்ர வாசல்படி மிதியாதை எண்டு.

— நீர் சொன்ன அதே கிழமை அமெரிக்காவும் அதைத்தான் சொன்னது, கமலம். கிரீன் கார்ட் கேட்டுப் போட்டிட்டு, அது கைக்கு வரமுந்தி நாட்டை விட்டு வெளிக்கிட்டால் எல்லாம் போச்சு எண்டு. அவன் அந்தக் கரையில நிண்டு நயாகராவைப் பாப்பான். இந்தக் கரையில கனடா. கூப்பிட்டால் கேக்கும் தூரம், அந்த இரைச்சல் இல்லாட்டில்.

— பாவம் எண்டு சொல்லுறியளோ?

— நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் சாரதி. முதல் தரம் நியூ ஜேர்சிக் கலியாணத்துக்கு எடுத்த விசா சும்மா கிடக்கு எண்டு போனனான். திட்டிப்போட்டு வருவம் எண்டுதான் போனனான். கதவைத் திறந்தவன், அத்தான் எண்டு சொன்னவன். அழுதுகொண்டு நிண்டவன். எனக்குத் திட்ட வேண்டியது எல்லாம் மறந்துபோச்சு.

— அதுக்கு ஏன் பதினொரு தரம்?

— ஒவ்வொரு தரமும் மறந்துபோச்சு.

— அப்பா, யூ ஆர் சோ... நான் அழப்போறன். மஸ்காரா போட்டிருக்கிறன்.

— அழாதை. நான் இன்னும் முடிக்கேல்லை. கமலம், நீர் கோவிக்கக் கூடாது. மார்கழியில நான் கொண்டுவந்த ரிச் கேக் கீதன் வீட்டில சுட்டதில்லை.

— ஓமோம்?

— மரியம்மா சுட்டது. நீர் சாப்பாடு கட்டித் தாற பாத்திரத்தை அந்தப் பிள்ளை ஒரு நாளும் வெறுமனே திருப்பித் தாறதில்லை. எங்கட ஆக்கள் மாதிரியே. ஒருக்காச் சீனி, ஒருக்கா மாதாளம்பழம். நத்தாருக்குக் கேக்.

— ரெண்டு துண்டு திண்டனான். பிராண்டி கூடிப்போச்சு.

— நாலு துண்டு திண்டனீர்.

— எண்ணினனீங்களோ?

— அவள் கேப்பாள் எண்டு எண்ணினனான். அக்கா சாப்பிட்டவவோ எண்டுதான் முதல் கேள்வி. எல்லையில கூட அந்தப் பாத்திரத்தை நான் மடியில வைச்சுக்கொண்டுதான் போவன். ஒருத்தன் திறக்கச் சொல்லி, மணந்து பாத்திட்டு, திரும்பவும் ஒருக்கா மணந்து பாத்தவன்.

— அம்மா, ஏதாவது சொல்லுங்கோ. ஆர் யூ ஓகே?

— எனக்கென்ன. நீ திகதியை எழுது. பதினொண்டையும் எழுது. நோக்கம், சொந்தக்காரரைப் பாக்க. ஆர் எண்டு கேட்டால் மச்சான் எண்டு போடு. அரசாங்கத்துக்குப் பொய் சொல்லக் கூடாது.

— எனக்குச் சொல்லலாமோ?

— நீ வாயை மூடிக்கொண்டு ரைப் பண்ணு. இஞ்சேருங்கோ, அவன்ர கார்ட் என்ன மாதிரி இப்ப?

— இத்தினை வருசம் பைல் இழுபட்டு, இப்பதான் இன்ரவியூ முடிஞ்சுது. ரெண்டு பேரையும் பக்கத்தில இருத்தி, உண்மையாக் கட்டினனீங்களோ எண்டு கேட்டவையாம். அவன் பயத்தில அவளின்ர பிறந்த நாளை மறந்துபோனான். அவள் அந்த ஒபீசருக்கு முன்னாலயே அவனைப் பேசினவளாம். அந்த மனிசன் சிரிச்சுப்போட்டு, இது உண்மையான கலியாணம்தான் எண்டு எழுதிவிட்டிட்டான். இனி தபாலில கார்ட் வரவேணும். ஒவ்வொரு நாளும் தபால்காரன் வாற நேரத்துக்கு வெளியில நிக்கிறான். நாய் கூட இப்ப அவனைப் பாத்துக் குலைக்கிறதில்லையாம்.

— ஆவணிக்குள்ள வருமோ?

— வந்தால் லண்டன் விசா போடலாம். வராட்டில் இல்லை. என்ர கார்டும் அப்பிடித்தான், அவன்ர கார்டும் அப்பிடித்தான். ஆனால் கார்ட் வந்தாலும்... அவன் போன சனிக்கிழமை கேட்டவன். அத்தான், அக்கா என்னைக் கூப்பிடுவாவோ எண்டு. நான் மழையைப் பற்றிக் கதைச்சுப்போட்டு வந்திட்டன்.

— அம்மா, என்ர கலியாணத்தில எனக்கு மாமா வேணும். ஐம் சீரியஸ். மாப்பிள்ளை பக்கம் ஒம்பது மாமா. ஒம்பது. எங்கட பக்கம் கதிரை சும்மா கிடக்கு. நான் கேக்கிறது ஒரு மாமா.

— கமலம், கேளும். எழுபத்திரண்டு வீட்டுக்காரரில அரைவாசிப் பேர் அந்தக் கலியாணக் கார்டையே மறந்திட்டினம். அந்தப் பொம்பிளைக்கு இப்ப மூண்டு பிள்ளையள், பெரிய வீடு, உம்மைக் கண்டால் சிரிக்கிறா. நீர் மட்டும்தான் அந்தக் கார்டை இன்னும் திருப்பி வாங்கிக்கொண்டு திரியிறீர். நான் உமக்குப் பொய் சொன்னது பிழைதான். பேசுறதெண்டால் பேசும். அவனை விடும். கொஞ்சம் கொஞ்சமாய், இண்டையில இருந்தாவது, நீர் அவனை ஒரு தம்பியா நினைச்சுப் பாத்தால்...

— அப்பா, நான் சப்மிற் அமத்திட்டன். போயிட்டுது.

— நல்லது. இஞ்ச வாங்கோ, இந்தப் பாத்திரத்தைப் பிடியுங்கோ. சூடு, துணியால பிடியுங்கோ. இது நாளைக்கு. இறுக்கி மூடியிருக்கு, மடியில ஊத்தாது.

— நாளைக்கு நான் எங்கயும் போகேல்லையே, கமலம். இனி விட்பி எண்டு சொல்லவும் ஏலாது.

— இண்டையில இருந்தாவது எண்டு சொல்லுறியள். இஞ்சேருங்கோ, உங்களுக்கு நண்டு வாயில வைச்சால் முகம் வீங்கும். கீதன் கோயில் தலைவராகி எட்டு வருசம், அந்த வீட்டில மச்சம் மாமிசம் தொடுறேல்லை. அப்ப பதினொரு சனிக்கிழமையும் விடிய எழும்பி இந்த நண்டுக் கறியை நான் ஆருக்கு வைச்சுக் கட்டித் தந்தனான்?