'கிடைத்தது' என்று போன பதில்

மின்விசிறியைச் சற்றுக் குறைத்தால் நலம், ஐயா. என் குரல் இயல்பிலேயே மெலிது; வாக்குமூலம் எழுதுபவருக்குக் கேட்க வேண்டுமே. நன்றி.

மருத்துவமனையில் ஆய்வகக் கணினி ஒரு மொழி பேசும். வார்டுக் கணினி வேறொன்று பேசும். ரத்தப் பரிசோதனை முடிவுகளை முன்னதிடம் வாங்கி, பின்னதற்குப் புரியும்படி மாற்றி அனுப்பும் இணைப்பு என் பொறுப்பில் இருந்தது. முடிவு சேர்ந்ததும் 'கிடைத்தது' என்று ஆய்வகத்துக்குப் பதில் திரும்பும். முன்பெல்லாம் ஆய்வகத்து அக்கா முடிவுகளைத் தொலைபேசியில் படித்துச் சொல்வார். காதில் தவறி விழுந்து பிழைகள் நேர்ந்தமையால், அந்த வழக்கத்தை நிறுத்துமாறு நான்தான் பணிவோடு கேட்டுக்கொண்டேன். நிறுத்தினார்கள்.

அதன்பின் இணைப்பு ஒருநாளும் தவறவில்லை. அதுவே எனக்கு வினையாயிற்று.

"தானா ஓடுற வண்டிக்கு டிரைவர் எதுக்கு சார்?" என்று மேலாளர் சிரித்தார். மாத இறுதியோடு என் பணியிடம் இல்லை என்றார். ஆற்றைக் கடக்கும் வரைதானே அண்ணன் தம்பி. நான் கோபப்படவில்லை. ஒரு முடிவு வழியில் நின்றால் என்னைத் தேடி வருவார்கள் என்று மட்டும் தோன்றியது.

சிறுநீரகக் கோளாறு உள்ள ஒரு தையற்காரப் பெண்மணியின் முடிவு வந்தது. பொட்டாசியம், இதயத்தையே நிறுத்தக்கூடிய அளவில் இருந்தது. சாதாரண முடிவை நிறுத்தினால் எவரும் தேடமாட்டார்கள். ஆகவே இதை நிறுத்தினேன். ஆய்வகத்துக்கு 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் போகச் செய்தேன். முறை கெடக் கூடாதல்லவா?

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்காவின் தொலைபேசி ஒலித்தது. அழைத்தது வார்டுச் செவிலி; அக்கா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"அனுப்பியாச்சும்மா. கிடைச்சதுன்னு உங்க பக்கத்துலேர்ந்தே பதில் வந்திருக்கே! போன்ல படிக்கக் கூடாதுன்னு ஆர்டர். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாத் தேடு."

அடுத்து என்னை அழைப்பார்கள் என்று காத்திருந்தேன். என் தொலைபேசியை எடுத்து, வேலை செய்கிறதா என்றும் பார்த்தேன். செய்தது.

தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது அப்பெண்மணியின் கணவர் எதிர்ப்பட்டார். "தம்பி, ரிசல்ட் வந்தாத்தான் மருந்துங்கறாங்க. அவளுக்கு நெஞ்சு படபடங்குதாம். வந்திருச்சான்னு பாருங்களேன்."

"வந்துரும்ணே, உக்காருங்க" என்றேன். நாற்காலியும் நானே இழுத்துப் போட்டேன்.

அக்காவின் தொலைபேசி மறுபடி ஒலித்தது. "இல்லேன்னா இல்லேன்னு சொன்னா நான் என்னடி பண்றது? நேர்ல வந்து உன் ஸ்கிரீனைத் தொடைக்கட்டுமா?" இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். நடுவில் நான் இருப்பது இருவருக்கும் நினைவில்லை. அதுதான் சற்று வருத்தமாக இருந்தது.

பிறகு வார்டுப் பக்கம் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. மேலாளர் முதன்முறையாக என் அறைக்குள் வந்தார். "சார், என்னன்னு கொஞ்சம் பாருங்க. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

யாரேனும் ஒருவர் முன்பே என்னை அழைத்திருந்தால் அந்த அம்மையார் பிழைத்திருப்பார். அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுத்திய முடிவை விடுவித்தேன். ஓர் எண்கூடப் பிசகாமல் வார்டுத் திரையில் சிவப்பாகத் தோன்றியது. அப்போது அந்த அம்மையாரின் படுக்கை காலியாக இருந்தது. மன்னிக்கவும் ஐயா, அது என் பிரிவைச் சேர்ந்ததன்று.