கடைசி விலாவுக்குக் கீழே

முதுகு பிடித்துவிடுவதில் பா-ஆன் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஐயா. பெருமைக்குச் சொல்லவில்லை. போன மாதம் உங்கள் ஏட்டுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது நீவிவிட்டது நான்தான், கேட்டுப் பாருங்கள். எங்கே அழுத்தினால் வலி இறங்கும், எங்கே அழுத்தவே கூடாது என்பதெல்லாம் என் கட்டைவிரலுக்கு அத்துப்படி. அதனால் நேற்று மேடையில் விழுந்த தூரெய்ன் விஷயத்தில் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மத்தியானம் புத்தர் கோயில் திருவிழாச் சண்டையில் நீங்களும் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். உறை போடாமல் கையாலும் காலாலும் மோதும் எங்கள் பர்மிய லெத்வே மேடையில் விழுந்தவனை அடித்தால்தான் குற்றம். முதுகைக் காட்டியவனை அடித்தால் கூட்டம் சிரிக்கும். காட்டினது அவன் தப்பு என்று நடுவரும் விட்டுவிடுவார். நேற்று நீங்களும் சிரித்தீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் இதே திருவிழாவில் என் தம்பி பியே ஸோன், தூரெய்னோடு மோதினான். மூன்றாவது சுற்றில் மணலில் கால் சறுக்கி ஒரு கணம் திரும்பிவிட்டான். தூரெய்னின் கணுக்கால் எலும்பு அவன் முதுகில், இடப்பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே இறங்கியது. விழுந்தான். எழுந்து ஐந்தாவது சுற்று வரை நின்றான், தோற்றான், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டான். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் அடி வந்தால் சதையை இறுக்கித் தாங்கலாம். பின்னால் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் தாங்க ஒன்றும் இல்லை, அடி வருவதும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு அடி பட்டால் இரண்டு மாதம் ஓய்வு வேண்டும். ஆறுவதற்குள் அங்கேயே மறுபடி பட்டால் உள்ளே கிழிந்துவிடும். நான் ஒவ்வொரு வார்த்தையையும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

தூரெய்ன் சாவுக்கு வந்தான். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடுத்த வருடம் அவனுடைய வாத்தியார் ஊரைவிட்டுப் போனதும் என்னிடமே வந்து நின்றான்.

"அண்ணே, இனிமே நான்தான் உங்க தம்பி. அடிங்க, திட்டுங்க, ஆனா வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

எனக்கு வயிறு எரிந்தது. சோறு போட்டேன்.

அவனுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தேன். சுழன்று திரும்பி முழங்கையால் தாடையில் அடிப்பது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். கூட்டம் எழுந்து நின்று கத்தும். ஒவ்வொரு சுழலுக்கும் அவன் முதுகு கண் இமைக்கும் நேரம் திறந்துகிடக்கும். மறைக்க நான் சொல்லித்தரவில்லை. எதிராளியின் ஆட்களிடம் டீக்கடையில் பேச்சோடு பேச்சாக, "நம்ம பய திரும்புறப்போ பின்னால காலியா கெடக்கும், நல்லவேளை எவனும் இன்னும் கவனிக்கல" என்று போட்டுவைப்பேன். பெருமையில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். திருவிழாக் காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு சண்டை பேசிவைப்பேன். இரண்டு மாதம் ஓய்வு என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

போன மாதம் ஒரு காலையில் முகம் வெளிறி வந்தான்.

"அண்ணே, ஒண்ணுக்கு செவப்பாப் போகுது."

"நாள் முழுக்க வெத்தலையைக் குதப்பினா பச்சையாவா போகும்? இரு, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வாயைத் தைக்கச் சொல்றேன்."

விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து வெற்றிலையை விட்டுவிட்டான், பாவம். நான் சொன்ன எதையும் அவன் தட்டியதில்லை.

நேற்று மூன்றாவது சுற்றில் சுழன்றான். எதிராளி காத்திருந்து உதைத்தான். தூரெய்ன் முகம் குப்புற விழுந்தபோது, விழுந்தவனைத் தெளியவைக்க ஒரு சண்டைக்கு ஒரு முறை தரும் அந்த இரண்டு நிமிடத்தை நான் கேட்டு வாங்கினேன். ஐஸ் தண்ணீர் ஊற்றினேன், காதைத் திருகினேன். கண்ணைத் திறந்தான்.

"முடியலண்ணே. இடுப்பு செத்துப்போச்சு. துண்டைப் போட்டு சண்டைய நிறுத்திடுங்க."

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்குடா. மூச்சை இழு. ஊரே பாக்குது."

"சத்தியமா முடியலண்ணே."

அவனைப் புரட்டி முதுகை நீவினேன். கடைசி விலாவுக்குக் கீழே பிசைந்த மாவு போல உப்பியிருந்தது. எங்கே அழுத்தவே கூடாது என்று முதலில் சொன்னேனே, அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். சிகிச்சை என்று நினைத்திருப்பான்.

"எந்திரி. நான் இருக்கேன்ல?" என்றேன்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரி."

நான்காவது சுற்றில் அதே இடத்தில் இன்னொன்று பட்டது. இன்று காலை போய்ச்சேர்ந்துவிட்டான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எதிராளிப் பையனை விட்டுவிடுங்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு என் தோளில்தான் கிடந்தது. கொன்றது நான். ஐந்து வருடம் எடுத்துக்கொண்டேன். என் தம்பி உயிருக்கு இந்த உயிர் சரியாகப் போயிற்று, எனக்கு மனசு ஆறிவிட்டது.

அந்த டாக்டரை நீங்கள் விசாரித்ததாக ஏட்டு சொன்னார். அவர் ஒன்று சொல்லியிருப்பார், என்னிடமும் அன்றைக்குச் சொன்னார். முதல் உதையோடு நிறுத்தி உடனே கொண்டுவந்திருந்தால் பியே ஸோன் பிழைத்திருப்பான் என்று. படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். துண்டைப் போடுண்ணே என்று தம்பியும் கேட்டான், வாஸ்தவம். அன்றைக்கும் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டு வாங்கி, முதுகை நீவி எழுப்பிவிட்டது நான்தான். அதையும் இதையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிவிடாதீர்கள், ஐயா. அவனை நான் ஜெயிப்பதற்காகத்தானே எழுப்பி அனுப்பினேன்.