பல்லோடு பிறந்தவன்

வேளாங்கண்ணி பஸ் திருவாரூரைத் தாண்டியிருந்தது. முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண், பக்கத்தில் இருந்த அண்ணனிடம், "பல்லை மட்டும் பாத்தா ஏமாந்துருவோம்ணே" என்றாள். திமிங்கிலத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆஸ்திரேலியாவில் ஒரு மியூசியத்தில் வேலையாம். பிள்ளை பிறந்தபின் இப்போதுதான் ஊருக்கு வருகிறாள்.

"பாறைக்குள்ள ஒரு மண்டையோடு கிடைச்சுது. வாய் நிறைய பல்லு. ஆனா காது எலும்பு, பல்லே இல்லாம தண்ணிய வடிகட்டித் தின்னுற திமிங்கிலத்தோட ஜாடை. அந்தக் குடும்பத்துலதான் சேத்தோம். அந்த இனமே இப்ப இல்ல."

"இப்ப இருக்கறதுக்குப் பல்லு எங்க போச்சு?"

"தாய் வயித்துல இருக்கறப்ப முளைவிடும். பொறக்கறதுக்குள்ள கரைஞ்சுரும்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவனுக்கு ஏன் கரையல?"

அவள் குழந்தையின் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள். கீழ் ஈறில் இரண்டு பல் தெரிந்தது.

"பல்லோட பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுங்கறாங்கம்மா. தூக்கவே கூடாதுன்னு உங்க அண்ணி சொல்லி அனுப்பியிருக்கா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கையை நீட்டினார். மடிக்கு மாறிய குழந்தை அழவில்லை. இமைக்காமல் அவரையே பார்த்தது. பிறகு அவர் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டது.

"கடிக்கிறான்" என்றார் மெதுவாக. விரலை எடுக்கவில்லை.