பட்டனின் கனிவான கவனத்திற்கு

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர், கால்நடை மருத்துவர் அம்மையார் அவர்களே! கழுத்தில் தொங்கும் ஒற்றை விசிலாலேயே எங்களையும் எங்கள் நாய்களையும் ஒருசேர ஓட்டிக் களைக்க வைத்த பயிற்சியாளர், விசில் அக்கா அவர்களே! மடியில் குட்டியையும் மனத்தில் பொறுமையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நான் ஒலிவாங்கியைத் தொட்டவுடனேயே கைக்கடிகாரத்தைப் பார்த்த பெரியோர்களே! நாற்காலிக்கு அடியில் நாக்கைத் தொங்கவிட்டபடி, இவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் நாலுகால் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நாய்களுக்கான தடைதாண்டும் ஓட்டப் பயிற்சிக் கழகத்தின் ஆண்டு விழா இது. முதற்பரிசு பெற்றவர் பேசிவிட்டார். இரண்டாம் பரிசு பெற்றவர் பேசிவிட்டார். பரிசே பெறாதோர் சார்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், இந்த அரங்கில் எந்த அணி பெரிது? எங்கள் அணிதான் பெரிது. ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தக் குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. என் குரல் கேட்டால் தூங்குகிறவர் எழுவார், எழுந்தவர் ஓடுவார், ஓடியவர் அவசரத்தில் வேறு பேருந்தில்கூட ஏறுவார். ஊரையே ஓட்டிய குரலுக்கு ஒரு நாய் ஓடாதா? அந்த இறுமாப்போடுதான் நாய்கள் காப்பகத்திலிருந்து இவனை அழைத்து வந்தேன். இதோ, மேடையில் என் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறானே, இவன்தான் பட்டன். வெள்ளை உடம்பு, நெற்றியில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. என் மனைவி தையற்காரி. பார்த்தவுடன் அவள் வாயில் வந்த பெயர் அது.

மனைவி மகிழ்ந்தாளா என்று கேட்கிறீர்களா? "ஊருக்கெல்லாம் மைக்ல சொல்றீங்க, வீட்டுக்கு ஒரு நாய் வரப்போகுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள். அன்று நான் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை.

ஆனால் அன்பர்களே, வேடிக்கைக்கு நடுவே ஒரு வேதனை இருந்தது. எனக்கு முன்பே இரண்டு வீட்டார் பட்டனைக் கொண்டுபோய், 'அடங்காத நாய்' என்று படிவத்தில் எழுதிக் காப்பகத்திலேயே திருப்பி விட்டிருந்தார்கள். காப்பகத்தின் விதி இது: மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். மூன்றாவது வீடும் வேண்டாம் என்றால், அதன்பிறகு எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்கள். ஆயுள் முழுக்கக் கூண்டுதான்.

சரி, ஓட்டப் பயிற்சி கொடுத்தால் அடங்குவான் என்று விசில் அக்காவின் மைதானத்தில் சேர்த்தேன். தாண்டக் கட்டைகள், நுழையக் குழாய், ஏறி இறங்கக் கூரைப்பலகை, இடைவெளியில் வளைந்து வளைந்து போகப் பன்னிரண்டு கம்புகள். நான் எப்படிக் கட்டளையிட்டேன் தெரியுமா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நட்டுவைத்த கம்பம்போல் நின்று, "பட்டனின் கனிவான கவனத்திற்கு. அடுத்துத் தாண்ட வேண்டியது மூன்றாம் எண் தடை" என்றேன். பட்டன் உட்கார்ந்து என்னையே பார்த்தான். உரக்கச் சொன்னேன். பார்த்தான். இன்னும் உரக்கச் சொன்னேன். கொட்டாவி விட்டான்.

சிரிக்காதீர்கள், மூன்றாவது வரிசை ஐயா. உங்கள் நாய் செய்ததையும் சொல்லத்தான் போகிறேன்.

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம். படிவத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். 'அடங்காத நாய்.' அதே சொல், மூன்றாவது தடவை, என் கையெழுத்தில். கடைசியாக ஒரு முயற்சி என்று, நிலையத்திலிருந்து கை ஒலிபெருக்கியை இரவல் வாங்கி வந்தேன். பட்டனின் பக்கத்தில் நின்று, "குழாய்க்குள் போ" என்று முழங்கினேன். போனார்கள் ஐயா, போனார்கள்! மைதானத்தில் இருந்த மற்றப் பதினொரு நாய்களும் பாய்ந்து போயின! கட்டை தாண்டிக்கொண்டிருந்தது திரும்பிப் போனது, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது நனைந்த வாயோடு போனது. மூன்றாவது வரிசை ஐயாவின் கொழுத்த செல்வம் குழாயின் நடுவில் சிக்கிக்கொள்ள, பின்னால் வந்த ஆறும் உள்ளேயே குரைத்தன. பட்டன் மட்டும் என் காலடியில், அந்த ஒலிபெருக்கிக்கு நேர்கீழே, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். விசில் அக்கா சிரிக்கவில்லை. மெதுவாக வந்து, அவன் பின்னந்தலைக்கு அருகே விசிலை வைத்து ஊதினார். என் காது அடைத்தது. பட்டனின் காது அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, இவனுக்குக் காதே கேக்கலை. பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருக்கும்."

மறுநாள் தலைவர் அம்மையார் சோதித்து உறுதிசெய்தார்கள். அவர்கள் அறையிலேயே அந்தப் படிவத்தைக் கிழித்தேன். வெட்கமாக இருந்தது, நண்பர்களே. மூன்று மாதம் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்யச் சொல்கிறாய் என்று கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தான். வாயால் பிழைத்த நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

அதன்பிறகு தொடங்கியது என் பயிற்சி. ஆம், என் பயிற்சி! வாயை மூடு என்றார் அக்கா. தோளைத் திருப்பு, முழங்காலை வளை, கையை நீட்டு, கூடவே ஓடு என்றார். தொந்தி குலுங்க ஓடினேன். என் தோள் எங்கே திரும்பியதோ, அங்கே பட்டன் திரும்பினான். என் பாதம் எங்கே காட்டியதோ, அங்கே பாய்ந்தான். அடங்காத நாயா அவன்? அவனைப்போல் அடக்கமான நாய் இந்த அரங்கில் உண்டா? மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்கிறேன்.

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' என் மனைவியின் கையெழுத்துபோல் இருக்கிறது.

போட்டி நாளுக்கு வருகிறேன். எட்டுத் தடைகளை ஒரு பிழையும் இல்லாமல் கடந்தோம். கம்புகளுக்குள் அவன் வளைந்து வந்த வேகத்தைக் கண்டு நீங்கள் கைதட்டினீர்கள். மேடைக்குப் பழகிய உடம்பல்லவா இது? கைதட்டல் கேட்டதும் தானாகவே உங்கள் பக்கம் திரும்பினேன். தோள் திரும்பியதா? பட்டனும் திரும்பினான். எல்லைக் கயிற்றைத் தாண்டினான், நடுவர் மேசைமேல் ஏறினான், மதிப்பெண் தாளின்மேல் நாலு கால்களையும் ஊன்றி நின்று, அடுத்து என்ன என்று என்னைப் பார்த்தான். ஆட்டத்திலிருந்து நீக்கினார்கள். பிழை யாருடையது? நான் காட்டினேன், அவன் போனான். அன்று மைதானத்தில் தவறு செய்தது ஒரே ஒரு பிராணிதான். அதற்குக் கால் இரண்டு.

இப்போது நீங்கள் கைதட்டுகிறீர்கள். மனமார்ந்த நன்றி. ஆனால் அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது. இதோ எழுந்துவிட்டான், உங்களைத்தான் பார்க்கிறான். எங்கள் வீட்டில் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினால், 'என்கிட்ட வா' என்று பொருள். ஆகவே அவைத்தலைவரே, தாய்மார்களே, பெரியோர்களே, தட்டிய கைகளைச் சற்று உயர்த்துங்கள். எல்லோரும். மூன்றாவது வரிசையும்தான். வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுத்த ஒருவனை, இன்றைக்கு ஓர் அரங்கம் முழுக்க வா என்று கூப்பிடட்டும்.

போகிறான் பாருங்கள். யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் வரிசை வரிசையாக ஓடுகிறான். கையை இறக்கிவிடாதீர்கள், எல்லோரிடமும் வந்து சேரட்டும். உங்கள் எல்லோருக்கும் எங்கள் இருவரின் நன்றியும் வணக்கமும்.