நீளவால் படகு இன்னைக்கு இல்ல

கவுன்ட்டர்ல ஒட்டியிருக்கற அந்தப் படத்தை விடுங்க தம்பி, அது இன்னைக்கு இல்ல. நீளவால் படகு இன்னைக்குக் கெடையாது. இந்தப் பக்கம் பாருங்க, இழுவைத் தெப்பம், இன்னொரு படகு கட்டி இழுத்துட்டுப் போகும். மேல கூரை போட்டிருக்கும், பாய் விரிச்சிருக்கும், காலை நீட்டிப் படுத்துக்கிட்டே ஆத்தைப் பார்த்துட்டுப் போகலாம். வழியில அருவி நேரா ஆத்துக்குள்ளயே வந்து விழுதுல்ல, அங்க நிறுத்தி அரை மணி நேரம் குளிக்க விடுவாங்க. சுட்ட கோழி, இடிச்ச பப்பாளிக்காய், ஒட்டுச்சோறு எல்லாம் தெப்பத்துலயே வந்துரும். போக வர நாலு மணி நேரம்.

ஆமா, கீழ ஒண்ணு நிக்குதுதான். பின்னாடி வால் மாதிரி நீளக் கம்பு நீட்டிக்கிட்டு, மூக்குல பச்சையும் மஞ்சளுமா துணி சுத்தி, சாமந்தி மாலை போட்டிருக்கே, அது நீளவால்தான். நிக்கலன்னு நான் சொல்லலையே. போகாதுன்னுதான் சொன்னேன்.

தண்ணி ஜாஸ்தி தம்பி. மேல அணையைத் திறந்து விட்டிருக்காங்க. வளைவுல சுழிக்குது. என்னது? ரெண்டு படகு போனதைப் பார்த்தீங்களா? போச்சு. அதுங்க முறை முடிஞ்சு போச்சு. இனிமே மத்தியானம்தான் திரும்பும். இப்ப முறை கீழ நிக்கறதோடது, அது போகாது, அவ்வளவுதான்.

நான் ஒண்ணும் கமிஷனுக்காகத் தெப்பத்துல தள்ளல. நல்லா கேட்டீங்க போங்க. ரெண்டும் ஒரே படகுச் சங்கத்தோடது, எதுல ஏறினாலும் எனக்கு ஒண்ணுதான்.

பாப்பா பேரு என்ன? பிளாவா? பிளான்னா மீனு, அப்படிப் பேரு வெச்சுட்டு தண்ணிக்குப் பயந்தா முடியுமான்னா கேக்கறீங்க? சரிதான். நானும் சிரிக்கணும். சிரிப்பு வரமாட்டேங்குது, கோவிச்சுக்காதீங்க. கோன்கேன் ஊர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, குழந்தை படகு மூக்குல உக்காந்து காத்து வாங்கணும்னு ஆசைப்படுது, எனக்குப் புரியாம இல்ல. ஆனா அவளை இந்தப் பக்கம் கூப்பிடுங்க. படியில இறங்கறா பாருங்க. உங்க சம்சாரத்தைக் கையைப் புடிச்சுக்கச் சொல்லுங்க. கீழ இருக்கற ஆளு ரொம்ப நல்ல மனுஷன். குழந்தையைக் கண்டா தூக்கி முன்னாடி உக்கார வெச்சிருவாரு. அதுக்கப்புறம் அவளை எறக்க உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. கூப்பிடுங்க தம்பி. சீக்கிரம்.

ம். இப்ப சரி. அந்தத் தேங்காய்க்காரம்மா கடையில நிக்கட்டும், அங்க நிழல் இருக்குது.

முத்திரையா? ஆமா, கோணலா விழுது. காலையில இருந்தே இப்படித்தான். ஒரு டிக்கெட்டுல கூட நேரா விழல பாருங்க. உக்காருங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. அணையும் இல்ல, சுழியும் இல்ல. தண்ணி எப்பவும் போலதான் போகுது. நீங்க சாயங்காலம் ஊரைப் பார்க்கப் போயிருவீங்க, உங்ககிட்ட சொன்னா என்ன. இங்க இருக்கறவங்ககிட்ட சொல்ல முடியாது. தேங்காய்க்காரம்மாகிட்ட சொன்னா நான் திரும்பி வர்றதுக்குள்ள பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போயிரும்.

கீழ நிக்கறவரு பேரு உதோம். என் வீட்டுக்காரரு.

ஆமா தம்பி. என் வீட்டுக்காரரு படகுக்குத்தான் ஆள் ஏறாதீங்கன்னு நான் இங்க உக்காந்து சொல்லிட்டிருக்கேன்.

அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. அதெல்லாம் இல்ல. பதினாலு வயசுல படகுக் கைப்பிடியைப் புடிச்சவரு, இந்த ஆத்துல எந்தப் பாறை எந்த மாசம் தலையைத் தூக்கும்னு கண்ணை மூடிட்டு சொல்லுவாரு. ஒரு தடவை கூட ஒருத்தருக்கும் கீறல் பட்டதில்ல. அதான் யாரும் நம்ப மாட்டாங்க.

இன்னையோட ஒம்பது நாள் ஆச்சு. அன்னைக்கு மேல விகாரத்துல பிக்குங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போக நானும் அவரு படகுலயே ஏறிக்கிட்டேன். முன்னாடி அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, அவங்க அப்பா. நான் கடைசிப் பலகையில, அவருக்கு முதுகைக் காட்டி, அடுக்குத் தூக்கை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களுக்குத் தெரியுமே, லாரி இஞ்சின், பேச முடியாது, காதுக்குள்ள ஆள் கத்தினாலும் கேக்காது. குகை தாண்டினதும் ஒரு வளைவு வரும், ஒரு பக்கம் பூரா பாறைச் சுவரு. அங்க எல்லாரும் வேகத்தைக் குறைப்பாங்க. இவரு கொஞ்சம் முன்னாடியே குறைப்பாரு. இருபத்தாறு வருஷமா கேக்கற சத்தம், தூக்கத்துல கேட்டா கூட வளைவு வந்துருச்சுன்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்குக் குறையல.

என்னடான்னு திரும்பிப் பார்த்தேன். அவரு உக்காந்திருக்காரு. கை கைப்பிடியில. கண்ணு தொறந்திருக்கு. வாய் மட்டும் லேசா எதையோ மெல்லற மாதிரி அசையுது. என்னைப் பார்க்கறாரு, ஆனா பார்க்கல. அதை எப்படிச் சொல்றது. விளக்கு எரியுது, வீட்டுல ஆள் இல்ல, அப்படி. ஏங்கன்னு கத்தறேன். அசையல. முன்னாடி திரும்பினா, வளைவுக்கு அந்தப் பக்கம் ஆத்து நடுவுல மூங்கில் தெப்பம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. அதைச் சுத்தித் தண்ணியில ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு மெதந்துட்டிருக்குதுங்க. பத்துப் பதினஞ்சு தலை.

தூக்கு எங்க விழுந்ததுன்னு தெரியல. நான் எப்படிப் பின்னாடி தாவுனேன்னும் தெரியல. படகு ஓட்டத் தெரியாது தம்பி எனக்கு, ஒரு நாள் கூட புடிச்சதில்ல. அந்தக் கைப்பிடிக் கம்பு மேல அப்படியே வயித்தைக் குடுத்து விழுந்தேன். படகு ஒரு பக்கமா சாஞ்சு, தண்ணி உள்ள வந்து, புள்ளைங்க தலைக்கு ஒரு கை தூரத்துல சீவிக்கிட்டுப் போச்சு. ஒரு பொண்ணு மூக்குத் துவாரம் கூட எனக்குத் தெரிஞ்சுது. அவ்வளவு பக்கம்.

அப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? அலை அடிச்சு மேலயும் கீழயும் ஆடுச்சுல்ல, அந்தப் புள்ளைங்க கை தட்டுச்சுங்க. மாமா, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு கத்துதுங்க. வெளையாட்டு காட்டினாருன்னு நெனச்சுக்கிச்சுங்க. கூட வந்த டீச்சரும் சிரிக்கறாங்க.

இவரு அப்பதான் கண்ணைச் சிமிட்டினாரு. என்னடி இது, கம்பை ஏன் புடிச்சுக்கிட்டிருக்க, போய் உக்காருன்னாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

எறங்கினப்புறம் அந்த அக்கா தங்கச்சியில பெரியவங்க என்னைத் தனியா கூப்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில நர்ஸாம், படகு சாஞ்சப்ப திரும்பி அவரு முகத்தைப் பார்த்திருக்காங்க. அக்கா, இது வெயிலும் இல்ல, மயக்கமும் இல்ல, வலிப்புலயே இப்படி ஒரு வகை உண்டு, கை கால் இழுக்காது, ஆளு முழிச்சிருப்பாரு ஆனா உள்ள இருக்க மாட்டாரு, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இவரு எதையும் ஓட்டக்கூடாதுன்னு சொன்னாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்துச்சு. மழைக்கு முன்னாடி ரெண்டு தடவை சாப்பிடும்போது சோத்து உருண்டை கையிலயே நின்னுருக்கு. ஏதோ யோசனைன்னு விட்டுட்டேன். யோசனை இல்ல அது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லாம இருப்பேனா. நீ கனவு கண்டிருக்க, பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சாரு. புள்ளைங்களைச் சொன்னேன். மூக்குத் துவாரத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு. எவ்வளவு நேரம்னு மட்டும் கேட்டாரு. பன்னெண்டு எண்ணலாம்னேன். எழுந்து தட்டைக் கழுவி வெச்சாரு. அப்புறம் முதுகைக் காட்டிக்கிட்டே சொன்னாரு, யார்கிட்டயும் சொல்லாதே. அப்பதான் எனக்கு இன்னும் பயமாயிருச்சு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. அவருக்கே முன்னாடி எப்பவோ தெரிஞ்சிருக்கு.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேனே. நானே முந்தின நாள் போய் டாக்டரைப் பார்க்க நம்பர் சீட்டு எடுத்துட்டு வந்து, அவர்கிட்ட குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். சாயங்காலம் வந்து, டாக்டர் பார்த்தாரு, தூக்கம் பத்தலயாம், வேற ஒண்ணும் இல்லயாம்னு சொன்னாரு. எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. சட்டையைத் துவைக்க எடுத்தேன், நம்பர் சீட்டு மடிச்சது மடிச்சபடி பையிலயே இருக்குது. உள்ளயே போகல. விகாரத்து மரத்தடியில நாள் பூரா உக்காந்திருந்தாருன்னு அப்புறம் பிக்கு ஒருத்தரு சொல்லித்தான் தெரியும்.

அதுல இருந்து இதுதான் என் வேலை. இஞ்சின் சாவியை ஒளிச்சேன், அவர்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. அதனால வர்றவங்ககிட்ட பொய் சொல்றேன். ஒருத்தர்கிட்ட அணை, ஒருத்தர்கிட்ட பாம்பு, சீனாக்காரங்க ரெண்டு பேர்கிட்ட இஞ்சின் வெடிச்சிரும்னு கையாலயே நடிச்சுக் காட்டினேன். படகு மூக்குல குடியிருக்கற சாமி, படகு அம்மாவுக்கு இன்னைக்குக் கோவம்னு கூடச் சொன்னேன், அந்தப் பாவம் வேற. சங்கத்துத் தலைவரு பார்த்துட்டே இருக்காரு. ஏன் சாய்பின், உன் கவுன்ட்டர்ல மட்டும் யாருக்கும் நீளவால் புடிக்கலயான்னு கேட்டாரு. இவரும் கீழ இருந்து என்னைப் பார்க்கறாரு. அவரு எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டு ஒண்ணும் கேக்காம அந்தப் படகைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறாரு. அதைப் பார்க்கறதுதான் ரொம்ப கஷ்டம்.

நேத்து பல் வலின்னு ஒரு மணி நேரம் போயிட்டு வந்தேன். அவ்வளவுதான். வந்து பார்த்தா படகு இல்ல. யாரோ ஒரு குடும்பம், வயசான அம்மா ஒருத்தங்க, கைக்குழந்தை. பக்கத்துக் கவுன்ட்டர் பொண்ணு ஏத்தி விட்டிருக்கா. அவ மேல என்ன தப்பு.

அந்தக் கடைசிப் படியில போய் நின்னேன். தண்ணி கணுக்காலைத் தொடுது. உடம்பு பூரா காதுதான் நான். ஒவ்வொரு படகுச் சத்தம் வரும்போதும் இது அவரா, குறையுதா, குறையலயான்னு. ஒண்ணே முக்கால் மணி நேரம் தம்பி. நல்லபடியா வந்துட்டாங்க. அந்த வயசான அம்மா எறங்கும்போது என் தோளைப் புடிச்சுக்கிட்டு, நல்லா ஓட்டினாரும்மா, புண்ணியவான்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் அங்க படிக்கட்டுலயே வாந்தி எடுத்துட்டேன்.

இல்ல, அழல. கண்ணுல வெயில். நீங்க எதுக்குத் தம்பி மன்னிப்பு கேக்கறீங்க, தெரியாம கேட்டதுதானே. தெப்பம் இன்னும் இருவது நிமிஷத்துல கிளம்பும். பாப்பாவை முன்னாடி உக்கார வெக்கச் சொல்றேன், படகு மூக்கு இல்லாட்டியும் காத்து வரும். கொஞ்ச நேரம் மட்டும் இங்கயே உக்காந்திருங்க. உங்க கூட பேசிட்டு இருந்தா நேரம் போகுது.

எதுக்கு நேரம் போகணுமா?

அதோ மேல வந்து நிக்குது பாருங்க, வெள்ளை வண்டி. எறங்கறாங்களே, நீலச் சட்டை ரெண்டு பேரு, கையில ஃபைல் வெச்சுக்கிட்டு. சுத்திப் பார்க்க வந்தவங்க இல்ல. படகு ஓட்ட லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ். இவரு அவங்களைப் பயணிங்கன்னு நெனச்சுட்டாரு போல. பாருங்க, ரெண்டு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டே படியேறி வர்றாரு.

காலையில அவரு படகுக்கு மாலை வாங்கப் போனப்ப நான்தான் அந்த ஆபீஸுக்கு போன் பண்ணேன். பேரு சொல்லாமலும் புகார் குடுக்கலாம்னு போன் எடுத்த பொண்ணு சொல்லுச்சு, யாருக்கும் தெரிய வராதாம். வேணாம், என் பேரையே எழுதிக்கோம்மான்னேன். நீங்க அவருக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு.

சம்சாரம்னு சொன்னேன்.